ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்பத் திரும்ப சேஃப் மோட்: ரீசெட் போடாமல் வெளியே வர வழி உண்டா?

வைகைக்கரை | காலை 9:40

வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்று காலை கடை திறந்ததிலிருந்து அவருடைய ஆண்ட்ராய்டு ஃபோனில் திரையின் இடது கீழ் மூலையில் 'சேஃப் மோட்' என்று எழுத்து வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பைக் காணோம், ஜிபேயைக் காணோம், கடன் கணக்கு எழுதி வைக்கும் ஆப்பையும் காணோம். கேமரா, கேலரி, கான்டாக்ட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அத்தையின் ஃபோனிலிருந்து மாமா நம்பருக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்று சொல்கிறது. ஃபோன் என்னவோ கையில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ரீஸ்டார்ட் செய்தேன். திரும்பவும் சேஃப் மோடிலேயேதான் வந்தது. பக்கத்து மொபைல் கடையில், "சாஃப்ட்வேர் போயிடுச்சு, ஃபுல் ரீசெட் போட்டாதான் சரியாகும்" என்கிறார்கள். ரீசெட் போட்டால் ஃபோனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமே, ஊர்க்காரர்கள் பற்று வைத்த கணக்கு முழுக்க அந்த ஆப்பில்தான் இருக்கிறது. பேக்கப் எடுத்ததாக மாமாவுக்கு நினைவில்லை. ரீசெட் போடாமல் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மின்மினி | காலை 9:52

முதலில் ஒன்று: எதுவும் அழியவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள், நிம்மதியாக இருப்பார். சேஃப் மோடில் ஃபோனோடு வந்த ஆப்கள் மட்டும்தான் ஓடும். நாமாக பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியவை எல்லாம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் டேட்டா ஃபோனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. சாதாரண மோடுக்குத் திரும்பியதும் ஆப்கள் தானாக வந்துவிடும்.

கால் போகாததற்குக் காரணம் ஃபிளைட் மோடாக இருக்கலாம். புதிய ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் சேஃப் மோட் வந்ததும் ஃபிளைட் மோடும் கூடவே ஆன் ஆகிவிடும். மேலிருந்து இழுத்து அதை ஆஃப் செய்யுங்கள், கால் வந்துவிடும். கடை நம்பர் என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் நோட்டிஃபிகேஷனைப் பாருங்கள். சாம்சங் உள்பட சில ஃபோன்களில் 'சேஃப் மோட் ஆன்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் தானே ரீஸ்டார்ட் ஆகி வெளியே வந்துவிடும்.

வைகைக்கரை | காலை 10:05

ஃபிளைட் மோட் ஆனில்தான் இருந்தது அக்கா. ஆஃப் செய்ததும் கால் வருகிறது, மிக்க நன்றி. நோட்டிஃபிகேஷனில் அப்படி எந்த வரியும் இல்லை. பவர் பட்டனை நீளமாக அழுத்தி ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்தும் பார்த்தேன். மறுபடியும் சேஃப் மோட்தான்.

பட்டறைக்காரன் | காலை 10:21

மொபைல் ரிப்பேர்தான் என் தொழில். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரீசெட்டுக்கு வேலையே இல்லை. மாமாவின் ஃபோனில் வால்யூம் குறைக்கும் பட்டன் சிக்கியிருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன். சேஃப் மோடுக்குள் போக ரெண்டு பாதை உண்டு. ஒன்று, பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்து, "சேஃப் மோடுக்குப் போகவா?" என்று அது கேட்கும்போது ஓகே கொடுப்பது. தூக்கக் கலக்கத்திலோ குழந்தைகள் கையிலோ இது சுலபமாக நடந்துவிடும். அந்தப் பாதையில் உள்ளே போனால் ஒரு ரீஸ்டார்ட் போதும், வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, ஃபோன் ஆன் ஆகிக்கொண்டிருக்கும்போது வால்யூம் டவுன் பட்டன் அழுந்தியிருப்பது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இதுவே சேஃப் மோடுக்கான சைகை. பட்டன் உள்ளே சிக்கிக் கிடந்தால் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்றே ஃபோன் நினைத்துக்கொள்ளும். எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே கதைதான்.

இப்படிச் சோதியுங்கள். கவர் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். இறுகிப்போன ரப்பர் கவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது நான் அடிக்கடி பார்க்கும் கேஸ். அப்புறம் சேஃப் மோடிலேயே ஒரு பாட்டையோ ரிங்டோனையோ போட்டு, வால்யூம் அப் பட்டனால் சத்தத்தைக் கூட்டுங்கள். சத்தம் தானாகத் திரும்பக் குறைந்தாலோ, வால்யூம் பட்டை திரையை விட்டுப் போகாமல் நின்றாலோ டவுன் பட்டன் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். கேமராவைத் திறந்தும் பாருங்கள். பல ஃபோன்களில் வால்யூம் பட்டன்தான் கேமராவுக்கும் பட்டன். நீங்கள் தொடாமலே படம் எடுத்துக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு விஷயம், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மாமாவுக்கு பின் நம்பரோ பேட்டர்னோ நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன் ஆனதும் முதல் முறை கைரேகையை ஏற்காது.

தெற்குவாசல் | காலை 10:40

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆப் ஏதாவது கோளாறு செய்தால் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சேஃப் மோடுக்குப் போகிறது. வைரஸ் இருந்தாலும் போகும். என் நண்பனுக்கு ரீசெட் போட்ட பிறகுதான் சரியானது. கடைக்காரர் சொல்வதில் தவறில்லை. ஃபோன் முழுதாக ஆன் ஆகும் முன் வரும் ரெக்கவரி என்ற பழுதுபார்ப்பு மெனுவுக்குப் போய் கேஷ் எனும் தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்க்கலாம், அதிலும் ஆகாவிட்டால் ரீசெட்தான்.

பட்டறைக்காரன் | காலை 10:58

தெற்குவாசல் ஐயா, உங்கள் நண்பரின் ஃபோனில் என்ன நடந்தது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஃபோனுக்கு அந்த யோசனை வேண்டாம். பட்டன் சிக்கியிருந்தால் ரீசெட் முடிந்து ஆன் ஆகும்போதும் அதே பட்டன் சிக்கித்தானே இருக்கும்? கணக்கும் போய்விடும், சேஃப் மோடும் போகாது. அதோடு ரெக்கவரி வழியாக ரீசெட் போட்டால் முன்பிருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். கடை வேலையில் இருக்கிற பெரியவர்கள் பலருக்கு அது நினைவிருக்காது. அப்படிப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கணக்கும் போய், ஃபோனும் திறக்காமல் நிற்பார்கள். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

நிரல்நெசவு | முற்பகல் 11:15

பட்டறைக்காரன் அண்ணன் சொல்வதற்கு ஆண்ட்ராய்டின் மூல நிரலிலேயே ஆதாரம் இருக்கிறது. திறந்த மூலம்தான், யாரும் படிக்கலாம்.

ஃபோன் ஆன் ஆகும்போது சிஸ்டம் சில பட்டன்களின் நிலையைப் பார்க்கிறது. வால்யூம் டவுன், பழைய ஃபோன்களில் இருந்த மெனு பட்டன், கீபோர்டின் எஸ் எழுத்து, திசைப் பட்டன்களின் நடு பட்டன், டிராக்பால் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றில் ஒன்று அழுந்தியிருந்தாலும் சேஃப் மோட்தான். ஓடிஜி கேபிள் வழியாக கீபோர்ட் இணைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதையும் கவனத்தில் வையுங்கள்.

பவர் மெனு வழியாக உள்ளே போனால் சிஸ்டம் தனக்கென்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஆன் ஆகும்போது அந்தக் குறிப்பைப் படித்ததும் உடனே அழித்தும் விடும். அதாவது அது ஒரே ஒரு தடவைக்குத்தான் செல்லும். இதனால்தான் சாதாரணமாக ஒரு ரீஸ்டார்ட்டில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்தும் திரும்பத் திரும்ப சேஃப் மோட் வந்தால் குறிப்பைத் தேடிப் பயனில்லை, பட்டனைத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கிய ஆப் ஒன்று கோளாறாகி ஃபோனைத் தானாக சேஃப் மோடுக்குத் தள்ளும் என்பதற்கு இந்த இடத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. கோளாறான ஆப்பைக் கண்டுபிடிக்க நாம்தான் சேஃப் மோடைப் பயன்படுத்துகிறோம். அந்தப் பழக்கத்தில் ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தெற்குவாசல் | முற்பகல் 11:24

சரி, கேஷ் அழிப்பது பற்றி என்ன சொல்கிறீர்கள்? அதில் டேட்டா போகாதே.

பட்டறைக்காரன் | முற்பகல் 11:31

போகாதுதான். ஆனால் அந்த மெனுவில் கேஷ் அழிப்பதும் முழு ஃபோனையும் அழிப்பதும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அங்கே மேலும் கீழும் நகர்வதே வால்யூம் பட்டனால்தான். டவுன் பட்டன் சிக்கிய ஃபோனில் தேர்வு தானாகக் கீழே கீழே ஓடும். அந்த நிலையில் பவர் பட்டனைத் தொட நான் யாரையும் விடமாட்டேன்.

வைகைக்கரை | பிற்பகல் 12:50

சரியாகிவிட்டது! எல்லாருக்கும் நன்றி.

கவரைக் கழற்றியதும் பார்த்தால், பட்டன் இருக்கும் ஓரம் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. மாமா கோதுமை மாவு நிறுத்துப் போட்ட கையோடு ஃபோனை எடுப்பார், எண்ணெய்க் கையோடும் எடுப்பார். ரெண்டும் சேர்ந்து பசை மாதிரி இறுகி, வால்யூம் டவுன் பக்கம் மட்டும் அப் பட்டனைவிட ஒரு நூல் அளவு உள்ளே அமுங்கியிருந்தது. விரலால் தடவினால்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணன் சொன்னபடி ரிங்டோனைப் போட்டு சத்தத்தைக் கூட்டினேன். என் விரலை எடுத்ததும் பட்டை சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. இத்தனை நாள் "ஃபோன் அடிக்கிறது காதுலயே விழமாட்டேங்குது" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதுதான் போல.

ஃபோனை ஆஃப் செய்துவிட்டு, காய்ந்த மெல்லிய டூத் பிரஷால் ஓரத்தை மெதுவாகத் தேய்த்தேன். பட்டனைப் பலமுறை அழுத்தி அழுத்தி விட்டேன். டக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு ஆன் செய்தேன். சாதாரணமாக வந்துவிட்டது. கணக்கு ஆப்பில் ஒரு வரிகூடக் குறையவில்லை. மாமா அந்த ஆப்பில் கூகுள் பேக்கப்பை இப்போதே போடச் சொல்லிவிட்டார்.

ஹோம் ஸ்கிரீனில் இருந்த கணக்கு ஆப் விட்ஜெட் மட்டும் இல்லை. திரும்ப வைக்க வேண்டுமா?

மின்மினி | பிற்பகல் 1:04

நல்ல செய்தி! ஆமாம், விட்ஜெட்டைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய ஆப்களின் விட்ஜெட் சேஃப் மோடுக்குப் போனதும் சில ஃபோன்களில் ஹோம் ஸ்கிரீனை விட்டுப் போய்விடும். அதனால் வேண்டுமென்றே சேஃப் மோடுக்குப் போகிறவர்கள் முதலில் ஹோம் ஸ்கிரீனை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஹோம் ஸ்கிரீனைக் காட்டும் லாஞ்சர் ஆப்பைத் தனியாகவோ, செல்லினம் மாதிரி தமிழ் கீபோர்டோ போட்டிருந்தால் அதுவும் சேஃப் மோடில் வராது, ஃபோனோடு வந்ததுதான் வரும். வெளியே வந்த பிறகு செட்டிங்ஸில் பழைய கீபோர்டே தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரன் | பிற்பகல் 1:20

மகிழ்ச்சி. பிரஷோடு நிற்காமல் ஒரு நாள் ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைக் காட்டன் பட்ஸில் தொட்டு அந்த ஓரத்தைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை போய்விடும். ஃபோன் ஆஃபில் இருக்கட்டும், நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். தின்னர், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஊசியால் நெம்பவும் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும்.

திரும்பவும் சிக்கினால் உள்ளே பட்டனை போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலைக்கு டேட்டாவை அழிக்கவே தேவையில்லை. எந்தக் கடையில் கொடுத்தாலும், "பட்டன் ஸ்ட்ரிப் மட்டும் மாத்துங்க, ரீசெட் போடாதீங்க" என்று கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

பனங்கூடல் | மாலை 4:35

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் நான் பக்கத்தில் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், நான் டொரோண்டோவில். நேற்று இரவிலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை, பயந்துபோனேன். பக்கத்து வீட்டு அக்கா போய்ப் பார்த்துவிட்டு, போனில் 'சேஃப் மோட்' என்று எழுதியிருக்கு என்றா. அம்மாவின் பவர் பட்டனும் சரியாக அமுங்காது, அதனாலேயே அவ போனை ஓஃப் செய்வதே இல்லை. அக்காவுக்குப் போனில் கதைத்துத்தான் எல்லாம் சொல்ல வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும்?

மின்மினி | மாலை 4:48

பயப்படாதீர்கள். சேஃப் மோடில் வாட்ஸ்அப் ஓடாது, ஃபிளைட் மோடும் ஆனாகியிருந்தால் சாதாரண காலும் போகாது. அதனால்தான் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை.

அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது. முதலில் அம்மாவுக்கு பின் நம்பர் தெரியுமா என்று கேளுங்கள். அடுத்து கவரைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபிளைட் மோடை ஆஃப் செய்யச் சொல்லி, அம்மாவின் சிம்முக்கு நேரடியாக ஒரு கால் போடுங்கள். குரலைக் கேட்டால் உங்களுக்கும் அம்மாவுக்கும் தைரியம் வரும், மீதியைப் பதறாமல் செய்யலாம்.

பவர் பட்டன் அமுங்காததற்கு வழி இருக்கிறது. மேலிருந்து திரையை ரெண்டு முறை இழுத்தால் வரும் பேனலில், ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஃபோன்களில் ஒரு பவர் அடையாளம் இருக்கும். அதைத் தொட்டால் ரீஸ்டார்ட் வரும். 'ரீஸ்டார்ட்' என்பதை ஒரு தட்டு தட்டினால் போதும், எதையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பவர் அடையாளம் இல்லாத ஃபோன் என்றால் செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குள் தேடச் சொல்லுங்கள். சாம்சங்கில் அசிஸ்டன்ட் மெனு என்றும், மற்ற பல ஃபோன்களில் அக்சசிபிலிட்டி மெனு என்றும் இருக்கும். அதை ஆன் செய்தால் பவரும் வால்யூமும் திரையிலேயே வந்துவிடும். பட்டன் பழுதான பெரியவர்களின் ஃபோனில் அதை எப்போதும் ஆனிலேயே வைத்துவிடலாம், பெரிய உதவி.

பட்டறைக்காரன் | மாலை 4:57

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், "வால்யூம் டவுனையும் பவரையும் சேர்த்துப் பிடித்து ஃபோர்ஸ் ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று வரும். சாம்சங்கில் 7 விநாடிக்கு மேல் அப்படிப் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆவது உண்மை. ஆனால் லோகோ வந்த பிறகும் வால்யூம் டவுனை விடாமல் பிடித்திருந்தால் திரும்ப சேஃப் மோடுக்கே போய்விடும். தொலைவிலிருந்து சொல்லும்போது எப்போது விட வேண்டும் என்று புரியவைப்பது கஷ்டம். பேனல் வழியாகச் செய்வதே நல்லது.

பனங்கூடல் | மாலை 6:10

அம்மாவோடு கதைத்துவிட்டேன்! ஃபிளைட் மோடை எடுத்ததும் கோல் போனது, "எங்க போனனி ரெண்டு நாளா" என்று என்னைத்தான் ஏசினா. பிறகு அந்தப் பவர் அடையாளத்தால் ரீஸ்டார்ட் செய்ததில் முதல் முறையே சரியாக வந்துவிட்டது, பட்டனில் பிரச்சினை இல்லை. பேரப்பிள்ளை ஒன்று வந்து விளையாடியிருக்கிறது, அது எங்கேயோ அழுத்திப் பிடித்திருக்கும் போல. அசிஸ்டன்ட் மெனுவையும் போட்டுவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

கல்லூரிச்சாலை | இரவு 8:15

என் தம்பியின் ஷாவ்மி ஃபோனும் சேஃப் மோடில் மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். திரை கறுப்பாக இருக்கிறது, நடுவில் ஆரஞ்சு நிற எழுத்து. வேறு எதுவும் வரவில்லை.

நிரல்நெசவு | இரவு 8:22

அது ஃபாஸ்ட்பூட், கம்ப்யூட்டர் வழியாக சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கான நிலை. சேஃப் மோட் என்றால் ஹோம் ஸ்கிரீன் வரும், ஓரத்தில் எழுத்து மட்டும் கூடுதலாக இருக்கும். ஷாவ்மியில் ஆன் செய்யும்போது பவரும் வால்யூம் டவுனும் சேர்ந்து அழுந்தினால் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போய்விடும். பவர் பட்டனை மட்டும் 10, 15 விநாடி பிடித்துக்கொண்டே இருங்கள், அணைந்து சாதாரணமாக ஆன் ஆகிவிடும். திரும்பவும் அங்கேயே வந்தால் மேலே சொன்ன பட்டன் சோதனைதான்.

'வைப் டேட்டா' என்ற வரி தெரிகிற மெனு என்றால் அது ரெக்கவரி. அதில் 'ரீபூட்' என்று தொடங்கும் வரியைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆடிப்பெருக்கு | இரவு 9:05

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறேன். எனக்கு சேஃப் மோடுக்குள் போக வேண்டும், வேலை முடிந்து சரியாக வெளியேயும் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தது, எங்கள் வீட்டுக்காரர் தொட்டு இன்ஸ்டால் செய்துவிட்டார். இப்போது அன்இன்ஸ்டால் செய்யப் போனால் திரை தானாக மூடிக்கொள்கிறது. எஸ்எம்எஸ் அனுமதி வேறு கொடுத்திருக்கிறார்.

நிரல்நெசவு | இரவு 9:14

அம்மா, இதை இன்றிரவே செய்யுங்கள். சேஃப் மோட் இருப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

முதலில் அந்த ஃபோனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருக்கிறார் என்றால் ஓடிபி அவர்கள் கைக்குப் போகும். அதனால் வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லி நெட் பேங்கிங், யுபிஐ ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது.

அப்புறம் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்து சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே அந்த ஆப் ஓடாது, அதனால் திரையை மூடிக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து அதை எடுத்துவிடுங்கள். பத்திரிகை என்ற பெயரிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெயரே இல்லாமலோ சிஸ்டம் ஆப் மாதிரி அடையாளத்தோடோ இருக்கலாம். 'அன்இன்ஸ்டால்' மங்கலாக இருந்தால் அது டிவைஸ் அட்மின், அதாவது ஃபோனையே நிர்வகிக்கும் அனுமதி வாங்கியிருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அங்கே அதன் டிக்கை எடுத்த பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டவுன்லோட்ஸில் கிடக்கும் ஏபிகே ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

எடுத்த பிறகு சாதாரணமாக ஒரு ரீஸ்டார்ட், வால்யூம் பட்டனைத் தொடாமல். ஃபிளைட் மோட் ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் என்ற தீய ஆப் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள், ஆனால் முதலில் வேறொரு ஃபோனிலிருந்து. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் படங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு ரீசெட் போடுங்கள். மேலே வேண்டாம் என்று சொன்ன ரீசெட் இந்த மாதிரி கேஸுக்குப் பொருந்தும்.

தெற்குவாசல் | இரவு 9:30

காலையில் நான் கேட்டதன் தொடர்ச்சியாக ஒன்று. ஆப்கள் வரிசையாக க்ராஷ் ஆகும்போது சேஃப் மோடில் போட்டுப் பார்த்தால் எந்த ஆப் காரணம் என்று எப்போதும் தெரிந்துவிடுமா?

நிரல்நெசவு | இரவு 9:41

எப்போதும் தெரியாது. 2021 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க ஜிமெயில் உள்பட பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. பிரச்சினை, ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற பாகத்தின் அப்டேட்டில் இருந்தது. வெப்வியூ ஃபோனோடு வருகிற சிஸ்டம் பாகம். சேஃப் மோட் நிறுத்தி வைப்பது நாம் இறக்கியவற்றை மட்டும்தான், அதனால் இந்தக் கோளாறு சேஃப் மோடிலும் தொடரும். பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்த பிறகுதான் அது தீர்ந்தது.

சேஃப் மோடில் ஃபோன் நன்றாக ஓடினால் நாம் இறக்கிய ஏதோ ஒரு ஆப்பின் மீது சந்தேகப்படலாம். வெளியே வந்து, கடைசியாக இறக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சேஃப் மோடிலும் கோளாறு தொடர்ந்தால் சிஸ்டம் அப்டேட், வெப்வியூ, இல்லையென்றால் ஹார்ட்வேர்.

ஆடிப்பெருக்கு | இரவு 10:20

எடுத்துவிட்டேன் தம்பி. டிவைஸ் அட்மினில் பெயர் இல்லாமல் வெறும் அடையாளம் மட்டும் இருந்தது, அதுதான். டிக்கை எடுத்ததும் அன்இன்ஸ்டால் ஆனது. வங்கியிலும் நிறுத்திவிட்டோம், பணம் எதுவும் போகவில்லை. ரீஸ்டார்ட் செய்து சாதாரணமாக வந்துவிட்டது. இப்போது ஒரு சந்தேகம். கேலரிக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒரு ஆப்லாக் போட்டு வைத்திருந்தேன். சேஃப் மோடில் கேலரி பூட்டே கேட்காமல் திறந்ததே?

பட்டறைக்காரன் | இரவு 10:31

ஆமாம் அம்மா, அந்த ஆப்லாக்கும் நீங்கள் இறக்கிய ஆப்தானே, சேஃப் மோடில் அதுவும் ஓடாது. வாட்ஸ்அப் அங்கே திறக்கவே திறக்காது என்பதால் பிரச்சினை இல்லை, கேலரி மாதிரி ஃபோனோடு வந்தவைதான் திறந்து கிடக்கும். அதனால் ஃபோனோடு வருகிற பூட்டையே பயன்படுத்துங்கள். சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் இருக்கிறது, ஷாவ்மியில் ஆப் லாக் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு அதற்குள்ளேயே கைரேகைப் பூட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்கிரீன் லாக் பின் பலமாக இருக்கட்டும், பிறந்த வருஷம் வேண்டாம்.